தெற்குச் சுவரில் பதினோரு ஈ

மணல் ஈயைப் பார்த்தவர்கள் குறைவு, கடிபட்டவர்கள் அதிகம். கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ரீங்காரம் கிடையாது. பறக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. சுவரில் ஒரு தத்து, அங்கிருந்து இன்னொரு தத்து, அவ்வளவுதான். காட்டில் கறையான் புற்று, மரப்பொந்து, எலி வளை. ஊரில் மண் சுவரின் விரிசல், மாட்டுக்கொட்டகையின் ஈரம். இருட்டும் குளிர்ச்சியும் எங்கே சேர்ந்திருக்கிறதோ அங்கே குடியிருக்கும். இவ்வளவு அற்பமான ஒரு ஜீவனைக் கண்காணிக்கத் திருப்பதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது.

வன எல்லைப் பூச்சிநோய்க் கண்காணிப்பு மையம் என்று அதற்குப் பெயர். வாசலில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு மணல் ஈயின் படம். அதன் கீழே ‘கண்டால் உடனே தெரிவிக்கவும்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. கன்றுக்குட்டி அளவு ஈயை யாரும் காணவில்லை. அதனால் யாரும் தெரிவிக்கவும் இல்லை.

சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியபோது மேஜை, நாற்காலி, பீரோவோடு கோப்புகளையும் பங்கு போட்டார்கள். மணல் ஈ பிடிபட்டதாகச் சொல்லும் பழைய கோப்புகள் எல்லாம் சித்தூருக்கே போய்விட்டன. ஈ பிடிபட்ட ஊர்களில் பாதி திருப்பதிப் பக்கம் வந்தன. ஆக சித்தூரில் ஊர் இல்லாத ஈக்களும், திருப்பதியில் ஈ இல்லாத ஊர்களும் மிஞ்சின. ஈ இல்லாத ஊர்களைத் தன்னுடைய சாதனை என்று மையம் அறிவித்துக்கொண்டது. அன்று முதல் அந்தச் சாதனையைக் கட்டிக்காப்பதே அங்கே எல்லோருக்கும் வேலையாகிவிட்டது.

கோவர்த்தனன் அந்த மையத்தின் பூச்சி சேகரிப்பாளன். ஒப்பந்த வேலை. பதினான்கு வருஷமாக ஒப்பந்தம். புத்தூருக்குப் பக்கத்தில் மலைக்காட்டை ஒட்டிய ஈச்சங்கண்டிகைதான் அவனுடைய ஊர். ஒரு டார்ச், பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகள், ஓர் உறிஞ்சுகுழல், இவ்வளவும் மையம் அவனுக்குக் கொடுத்தவை. உறிஞ்சுகுழல் என்றால் ஒரு முழம் கண்ணாடிக் குழாய், அதன் வாலில் ரப்பர் குழாய், இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு வலைத்துணி. கண்ணாடி முனையை ஈயின் பக்கத்தில் கொண்டுபோய், ரப்பர் முனையை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் ஈ உள்ளே வந்துவிடும். வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் வராது. துணி கிழிந்த நாட்களில் வந்திருக்கிறது.

விடியற்காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, ஊருக்குப் பத்து வீடு. எந்தப் பத்து வீடு என்பதை மையமே எழுதிக் கொடுத்திருந்தது. ஈச்சங்கண்டிகையின் பத்தில் கோவர்த்தனனின் சொந்த வீடும் ஒன்று.

மாவட்டம் பிரிந்த முதல் மாசம் அவன் ஏழு ஈக்களைப் பிடித்து அனுப்பினான். பதிலுக்கு ஒரு கடிதம் வந்தது. ஏழு ஈக்களுக்கும் தனித்தனியாக விளக்கம் தர வேண்டுமாம். மேற்படி ஈ எந்தச் சூழ்நிலையில் அவ்விடத்தில் இருந்தது, இருக்க அனுமதித்தவர் யார், முன்கூட்டியே ஏன் தெரிவிக்கப்படவில்லை? இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினான். நான்காவது ஈக்கு எவ்வளவு யோசித்தும் காரணம் கிடைக்காமல் ‘சுவர் ஈரமாக இருந்தது’ என்று எழுதினான். சுவரை ஈரமாக்கியவர் யார் என்று கேட்டு அது திரும்பி வந்தது.

அடுத்த மாசம் ‘இல்லை’ என்று எழுதினான். இரண்டே நாளில் பாராட்டுக் கடிதம் வந்தது.

இல்லை என்பதை அனுப்புவதும் லேசான வேலை இல்லை. காலிக் குப்பியைப் பஞ்சால் அடைத்து, மெழுகால் முத்திரையிட்டு, ஊர் பெயர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துத் திருப்பதிக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே பூச்சியியல் நிபுணர் ஒருவர் அந்தக் காலிக் குப்பியை மைக்ராஸ்கோப்பில் கால்மணி நேரம் பார்த்து, ஒன்றுமில்லை என்று சான்று எழுதுவார். பிறகு அது ஃபிரிட்ஜில் மூன்று வருஷம் பத்திரமாக இருக்கும். ஒரு ஃபிரிட்ஜ் நிறைந்து இரண்டாவது வந்தது. கரண்ட் போனால் காலிக் குப்பிகள் கெட்டுவிடக்கூடாது என்று ஜெனரேட்டரும் வந்தது.

ஆனால் கண்ணில் பட்ட ஈயைப் பிடிக்காமல் விட கோவர்த்தனனின் கைக்குத் தெரியாது. பதினான்கு வருஷப் பழக்கம். உறிஞ்சுவான். குழாய்க்குள் அது தத்துவதை டார்ச் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் பார்ப்பான். பிறகு அதே சுவரில் ஊதி விட்டுவிடுவான். ஊருக்கும் காட்டுக்கும் நடுவே அகழி வெட்டி, பூங்கா வரப்போகிறது என்று ஜேசிபி வைத்து நாற்பது கறையான் புற்றுகளை இடித்துச் சமப்படுத்திய வருஷத்திலிருந்து, ஊதி விட வேண்டிய ஈக்கள் மாசத்துக்கு மாசம் ஏறின. புற்றில் இருந்ததற்குப் போக்கிடம் வேண்டுமே. எலி வைக்கோல்போருக்கு வந்தது, ஈ மாட்டுக்கொட்டகைக்கு வந்தது. கோவர்த்தனனுக்கு இது தெரியும். தெரிந்ததை எழுத அந்த ஃபாரத்தில் இடம் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

*

அவனுடைய ஒரே மகள் சந்தியாவுக்குப் பத்தொன்பது வயது. புத்தூரில் ஐ.டி.ஐ. முடித்தவள். ரேணிகுண்டா பக்கம் செல்போன் பாகம் பூட்டும் ஒரு ஃபாக்டரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சேர வேண்டிய மாசத்தில் இடது கன்னத்தில் ஒரு பரு வந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் ஆறவும் இல்லை. மஞ்சள் பூசினாள், மெடிக்கல் ஷாப் களிம்பு பூசினாள். வேர்க்கடலை அளவில் இருந்தது நாலு மாசத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வந்துவிட்டது. ஓரம் மேடு, நடுவில் பள்ளம். ஃபாக்டரியில் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறினதும் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஸ்வர்ணலதா புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். அப்பாவையும் மகளையும் உட்காரச் சொன்னார்.

“இது மணல் ஈ கடிச்சு வர்ற புண்ணும்மா. கிருமி நல்லாவே தெரியுது. பயப்படாதீங்க, ஊசி இருக்குது. ஓரத்துல போட்டா ஆறிடும். கண்ணு கிட்ட ஏறதுக்குள்ள போட்டுடணும். மருந்து ஸ்டேட் ஸ்டோர்ல இருந்து வரணும், அவ்வளவுதான்.”

கம்ப்யூட்டரில் பெயர், வயசு எல்லாம் அடித்தார். ஊர் பெயரை அடித்ததும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. ‘இக்கிராமத்தில் நோய்ப்பூச்சி இல்லை. எனவே நோயாளி இருக்க இயலாது.’

டாக்டர் இன்னொரு முறை அடித்தார். அதே வரிதான் வந்தது.

“நோயாளி எதிர்ல உக்காந்திருக்கா, இருக்க இயலாதாம். ஈ இல்லைன்னு முப்பத்தியொரு மாச ரிப்போர்ட் இருக்குதுங்க உங்க ஊருக்கு. முப்பத்தியொண்ணும் ஒரே ஆளு. எந்தப் புண்ணியவான் இதுல கையெழுத்துப் போட்டுக்கினே இருக்கான்னு பாருங்க” என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

சந்தியா பார்த்தாள். பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டில் பன்னிரண்டு வருஷம் பார்த்த கையெழுத்து. துப்பட்டாவை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் கோவர்த்தனனின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று வீடு வரைக்கும் அவனுக்குக் கால் நடந்ததே தவிர மனசு நடக்கவில்லை. அவள் கன்னத்தில் உட்கார்ந்த ஈயை அதற்கு முந்தின நாள் காலையில் நான்தானே வாயால் இழுத்து, பார்த்து, ஊதி விட்டிருப்பேன்? இதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. மகள் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

*

மறுநாளே திருப்பதிக்கு ஓடினான். மையத்தில் கண்காணிப்பாளர் தரணி என்பவர்தான் எல்லாக் கோப்புகளுக்கும் வாசல்.

“சார், ஈ இல்லைன்னு நான் போட்ட நில் ரிப்போர்ட்டு தப்பு சார். ஈ கீது. கேன்சல் பண்ணிடுங்க.”

தரணி கோபப்படவில்லை. அவர் யார்மேலும் கோபப்பட்டதே இல்லை.

“நில்லை கேன்சல் பண்ண ஃபாரம் கிடையாது, கோவர்த்தனன். ஒருதரம் இல்லைன்னு ஆனது திரும்ப இருக்கணும்னா, இருக்குதுன்னு புதுசா அறிவிக்கணும். அறிவிக்கணும்னா உசிரோட ஈ வேணும். ஈ பிடிக்கணும்னா ஸ்பெஷல் பர்மிஷன் வேணும்.”

“பர்மிஷன் குடுங்க சார்.”

“ஈ இல்லாத ஊர்ல ஈ பிடிக்க எப்படிக் குடுக்கறது? ஆடிட்ல கேப்பாங்களே.” கொஞ்சம் யோசித்து இரக்கத்தோடு சொன்னார். “உங்க ஊர் காட்டு ஓரம்தானே? அது காட்டு ஈயா இருக்கலாம். ஃபாரஸ்ட்ல கேட்டுப் பாருங்க.”

வனத்துறை ரேஞ்சர் சாய்குமார் ஈயின் பேரைக் கேட்டதும் சட்டப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறக்கவில்லை.

“இதோ பாரப்பா. காட்டுக்குள்ள இருந்தா அது வன உயிர். ஒத்தை ஈ எடுத்தாலும் கேஸ் புக் பண்ணுவேன். அகழியைத் தாண்டி வெளிய வந்துட்டா அது எங்க ஈ கிடையாது.”

“உள்ள இருந்துதான் சார் வெளிய வந்துக்கினு கீது. புத்தை இடிச்சதுல இருந்து.”

“அப்போ தப்பிச்சு வந்துடுச்சுன்னு ஒரு புகார் எழுதிக் குடு. நிறம், அடையாளம் எல்லாம் போட்டுக் குடு. தேடறோம்.” பிறகு சந்தேகமாகக் கேட்டார். “உன் பொண்ணைக் கடிச்சது அகழிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தப் பக்கம்னா, பொண்ணு அனுமதி இல்லாம காட்டுக்குள்ள ஏன் போச்சுன்னு அதுக்குத் தனியா விசாரிக்கணும்.”

திரும்ப மையத்துக்கு வந்தபோது இணை இயக்குநர் ஜெயபிரகாஷே அவனை உள்ளே கூப்பிட்டனுப்பினார். ஜே.டி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் எழுந்து வந்து கோவர்த்தனனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஏமய்யா, நீதானா அந்த முப்பத்தியொரு பூஜ்யம்! வர்ற இருபதாம் தேதி ‘மணல் ஈ இல்லா மாவட்டம்’ விழா. மொத்த ஜில்லாவுக்கும் நீதான் சிறந்த சேகரிப்பாளர். சால்வை, ஷீல்டு எல்லாம் சொல்லியாச்சு.”

கோவர்த்தனன் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னான். ஜே.டி. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“பாப்பாவுக்கு இப்படி ஆனது ரொம்ப வருத்தமான விஷயம். எனக்கும் பொண்ணு இருக்குது. ஆனா உணர்ச்சிவசப்படாம யோசிச்சுப் பாரு. அது புண்ணா இருக்கலாம், நோயா இருக்க முடியாது. நோய்க்கு ஈ வேணும். ஈ இல்லைன்னு எழுதிக் குடுத்தது யாரு? நானா? நீ. பெத்த அப்பன் கையெழுத்தையே நம்பலைன்னா அந்தப் பொண்ணு உலகத்துல யாரை நம்பும்?”

நாலு மாசமாகக் கோவர்த்தனன் தன்னையே கேட்காமல் விட்டதை அந்த மனுஷர் வேறு விதமாகக் கேட்டுவிட்டார்.

*

இருபதாம் தேதி விடியற்காலை கோவர்த்தனன் தன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தான். மனைவி சந்திரம்மா டார்ச் பிடித்தாள். தெற்குச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானது. சாணம் மெழுகின பூச்சு காய்ந்து வெடித்து, விரிசலெல்லாம் ஈரமாக இருந்தது. இடுப்பு உயரத்தில் முதல் ஈ உட்கார்ந்திருந்தது, இறக்கை இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு. இழுத்தான். இன்னொன்று. இன்னொன்று. அரைமணி நேரத்தில் பதினொன்று. சிலதின் வயிறு ரத்தம் குடித்துச் சிவந்திருந்தது.

சந்திரம்மா குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். “இத்தையா இத்தினி நாளா புடிச்சுப் புடிச்சு ஊதி வுட்டுக்கினு இருந்த?”

அவன் தலை நிமிரவில்லை. ஈரப் பஞ்சு வைத்த குப்பிக்குள் ஈக்களை ஊதி அடைத்தான். வெயில் படாமல் டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

விழா மண்டபத்தில் வாழைமரம், நாதஸ்வரம் எல்லாம் இருந்தன. ஜில்லாவின் எல்லா ஊர்களிலிருந்தும் வந்த சேகரிப்பாளர்கள் தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம், பூ, நடுவில் ஒரு காலிக் குப்பி என்று வைத்து வரிசையாக மேடைக்கு வந்தார்கள். ஒவ்வொரு காலிக் குப்பியும் மேடைக்கு வரும்போது கைதட்டல். பிறகு ஜே.டி. பேசினார்.

“பெரியோர்களே! மணல் ஈயை ஒழிப்பது கஷ்டம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அதைவிடக் கஷ்டம், மணல் ஈ இருப்பதாக வரும் தகவலை ஒழிப்பது. அதை நாம் மூன்றே வருஷத்தில் சாதித்தோம்! ஒரு சொட்டு மருந்து தெளிக்காமல், ஒரு வீட்டுச் சுவரைப் பூசாமல், வெறும் நிர்வாகத் திறமையால் ஈயை விரட்டினோம். மருந்து தெளித்திருந்தால் ஈ இருப்பதாக ஆகியிருக்கும். அந்தத் தப்பை நாங்கள் செய்யவில்லை. இனி இந்த மாவட்டத்துக்குள் யாராவது ஒரே ஒரு ஈயைக் கொண்டு வந்தாலும், அவர் யாராக இருந்தாலும், எழுத்துமூலமாக நடவடிக்கை எடுப்பேன் என்று இந்த மேடையில் உறுதி கூறுகிறேன்!”

கைதட்டல் அடங்கியதும் கோவர்த்தனனைக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். முப்பத்திரண்டாவது மாசத்துக் குப்பியை அவன் கையால் ஜே.டி.யிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் தாம்பாளத்திலிருந்த காலிக் குப்பியை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்து தன் குப்பியைக் கொடுத்தான். ஜே.டி. அதை வாங்கி, கேமராக்களுக்குத் தெரிகிற மாதிரி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

உள்ளே பதினொன்றும் தத்தின.

ஜே.டி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இன்னும் தத்தின. கேமராக்காரர் ஒருவர், சார் கொஞ்சம் சிரிங்க என்றார். ஜே.டி. சிரித்தார். “பாருங்கள்! ஒன்றுமே இல்லை!” என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் பேப்பரிலும் அந்தப் படம்தான் வந்தது.

மேடையை விட்டு இறங்கி அறைக் கதவைச் சாத்தியதும் அவருக்கு வேறு குரல் வந்துவிட்டது.

“ஈ இல்லாத ஜில்லாவுக்குள்ள ஈயைக் கொண்டாந்திருக்கியே, உனக்கு என்ன தைரியம்!”

“கொண்டாரல சார். அதுங்க அங்கயேதான் கீதுங்க. என் வூட்டு மாட்டுக்கொட்டாய்ல. நான்தான் சார் இத்தினி நாளா பொய் எழுதினேன். அதுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. பொண்ணுக்கு மருந்து மட்டும்...”

“தரணி! இவனை இன்னைக்கே டிஸ்மிஸ் பண்ணு. பொய் ரிப்போர்ட்டுன்னு எழுது.”

தரணி தொண்டையைச் செருமினார். “சார், முப்பத்தியொண்ணும் பொய்னு எழுதினா, இப்போ நடந்த விழா...”

ஜே.டி. உட்கார்ந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்கள். கடைசியில் தரணிதான் வழி கண்டுபிடித்தார். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் உண்மை. அவற்றை எழுதியவன் நேர்மையானவன். ஆனால் இன்று காலை அவன், மணல் ஈ இல்லாத மாவட்டத்துக்குள் மணல் ஈயைப் பிரவேசிக்கச் செய்துவிட்டான். குற்றம் இதுதான்.

“பக்கா. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கிற மாதிரி எழுதுய்யா. ஒரு ஓட்டை இருக்கக்கூடாது” என்றார் ஜே.டி.

ஓட்டையில்லாமல் எழுதுவதில் தரணிக்கு இணை கிடையாது. வெறும் ‘ஈ’ என்று எழுதினால், அது சாதாரணக் கொசு என்று இவன் வாதாடுவான். ஆகவே நிபுணரைக் கூப்பிட்டார்கள். மூன்று வருஷமாகக் காலிக் கண்ணாடியையே பார்த்துக் கண் பூத்துப்போன மனுஷர் அவர். குப்பியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல், பதினொன்றும் நோய் பரப்பும் இனமே, ஏழு பெண், அவற்றில் மூன்று ரத்தம் குடித்தவை என்று இரண்டு பக்கம் எழுதி, அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டார். எங்கிருந்து கொண்டுவந்தான் என்று எழுதாவிட்டால் குற்றம் முழுமையாகாது. ஆகவே அதையும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஜே.டி. கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தி, நிபுணரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார்கள். டார்ச்சையும் குப்பிகளையும் உறிஞ்சுகுழலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை.

பஸ் ரேணிகுண்டாவில் நின்றபோது ஃபாக்டரி வேன் ஒன்றிலிருந்து நீலக் கோட்டுப் போட்ட பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். எல்லோருக்கும் சந்தியா வயசு. கோவர்த்தனன் மடியிலிருந்த காகிதத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். வேலையும் போய், மருந்தும் இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

*

சந்தியா அந்தக் காகிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

‘ஈச்சங்கண்டிகை கிராமம், கதவு எண் 2-47இல் வசிக்கும் கோவர்த்தனன் என்பவர், மேற்படி வீட்டின் மாட்டுக்கொட்டகையில், தெற்குச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்த, நோய் பரப்பும் இனத்தைச் சேர்ந்த பதினோரு உயிருள்ள மணல் ஈக்களை...’

நிறுத்தினாள். முதலிலிருந்து இன்னொரு தரம் மனசுக்குள் படித்தாள். ஒரு வாரமாக அப்பாவோடு பேசாதவள் பேசினாள்.

“நைனா, இதுல நம்ம ஊர் பேரு போட்டுக்கீது.”

“ஆமா, டிஸ்மிஸ் பண்ணா ஊர் பேர் போட மாட்டாங்களா?”

“ஐயோ நைனா, ஈ இருந்துச்சுன்னு போட்டுக்கீது. எந்த வூடு, எந்தச் சொவுருன்னு போட்டுக்கீது. கீழ ஜே.டி. கையெழுத்து கீது, சீல் கீது.”

மறுநாள் காலை டாக்டர் ஸ்வர்ணலதா அந்த மெமோவை மூன்று தரம் படித்தார். கடைசித் தரம் படிக்கும்போது மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கம்ப்யூட்டரில் ‘பூச்சி இருப்பதற்கான ஆதாரம்: மையத்தின் ஏதேனும் ஓர் உத்தரவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மெமோவை ஏற்றினார். சிவப்பு வரி மறைந்து பச்சையாக ஒரு டிக் வந்தது.

ஒன்பது நாளில் மருந்து வந்தது. வாரம் ஒரு ஊசி, புண்ணின் ஓரத்தைச் சுற்றி நாலு இடத்தில். முதல் நாள் சந்தியா போட்ட சத்தத்தில் வெளியே நின்ற கோவர்த்தனன் காதைப் பொத்திக்கொண்டான். ஐந்தாவது வாரம் புண் காய ஆரம்பித்தது. வடு இருக்கும், அதுக்கு மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். கோவர்த்தனன் தலையாட்டினான். அந்த வடுவை ஒவ்வொரு நாளும் எதிரில் வைத்துக்கொண்டு சோறு தின்ன வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்தது.

பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பா ஆடு மேய்க்கிறவர். அவருடைய மனைவியின் புறங்காலில் அதே மாதிரிப் புண், அவர் முழங்கையில் ஒன்று. சந்தியாவின் கன்னம் ஆறுவதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். கதவு எண்ணை அடித்ததும் சிவப்பு வரி வந்தது. ‘இக்கிராமத்தில் 2-47 தவிர ஏனைய வீடுகளில் நோய்ப்பூச்சி இல்லை.’ கிருஷ்ணப்பா வீட்டு எண் 2-48. தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம்.

“ஒரே சொவுரும்மா! ஈ இந்தாண்ட உக்காந்தா அவன்து, அந்தாண்ட உக்காந்தா இல்லவே இல்லையா?” என்று அவர் கத்தினார்.

டாக்டர் எழுந்து அலமாரியைத் திறந்து, வெளியே வீச வைத்திருந்த குளுக்கோஸ் டியூப்களில் சுத்தமாக இருந்தவற்றைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். “கோவர்த்தனன் கிட்ட குடுங்க. அவருக்குத் தெரியும்” என்றார்.

அந்த வாரம் விடியற்காலையில் ஈச்சங்கண்டிகையின் ஒன்பது மாட்டுக்கொட்டகைகளில் டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. கோவர்த்தனன் ஒவ்வொரு சுவராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தான். குளுக்கோஸ் டியூபை உறிஞ்சுகுழலாக வெட்டி, கொசுவலையில் ஒரு துண்டு கிழித்து நடுவில் வைக்கச் சொன்னான். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், தயங்கினால் தத்திவிடும் என்றான். யாராவது ஊதி விடப் போனால் மட்டும் அவனையும் அறியாமல் சத்தம் போட்டான்.

ஒன்பது பேரும் ஆளுக்கொரு குப்பியோடு திருப்பதிக்கு முதல் பஸ் பிடிக்க நின்றார்கள். கிருஷ்ணப்பாவுக்கு மட்டும் உள்ளூரப் பயம்.

“கேஸ் போட்டுருவாங்களாப்பா?”

“போடணும். போடாம அனுப்பப் பார்த்தாங்கன்னா ஒத்துக்காத, அங்கயே உக்காந்துக்கோ” என்றான் கோவர்த்தனன். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு ஓடினான். “கதவு நம்பர் கரெக்டா எழுதறாங்களான்னு பார்த்துக்கினு வா. நீ மட்டும் எதுலயும் கையெழுத்துப் போட்டுடாத!”